வீட்டு இசை சர்வர்: வேகமான கணினியை விட இரண்டாவது ஹார்டு டிஸ்க்கே முக்கியம்

மைசூரு: மைசூரு மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, 1935-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி தமது இல்லத்திலேயே சிறிய வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதற்குச் சூட்டப்பட்ட ‘ஆகாசவாணி’ என்ற பெயரைப் பிற்காலத்தில் அகில இந்திய வானொலியும் ஏற்றுக்கொண்டது. ஒரு வீட்டிலிருந்து ஒலி புறப்பட்டுப் பிற வீடுகளைச் சென்றடைந்த வரலாறு கொண்ட இந்நகரில், இன்று வீட்டின் ஒரு மூலையில் வைக்கப்படும் சிறு கருவியே எல்லா அறைகளுக்கும் இசையை அனுப்பிவிடுகிறது. அதுவே வீட்டு இசை சர்வர்.

இதன் தேவை அண்மைக் காலத்தில் தெளிவாக உணரப்பட்டுள்ளது. ரெஸ்ஸோ இசைச் செயலி 2024-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதியுடன் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் விங்க் மியூசிக் செயலியை மூடுவதாக ஏர்டெல் நிறுவனம் அறிவித்தது. இத்தகைய செயலிகள் மறைந்தாலும் திரைப்படப் பாடல்களை வேறிடத்தில் கேட்டுவிடலாம். ஆனால் கோயில் விழாவில் பதிவு செய்த கச்சேரி, வீணை வகுப்பின் ஒலிநாடா, பாட்டியின் தாலாட்டு ஆகியவை எந்தச் செயலியிலும் கிடைப்பதில்லை. அவற்றின் ஒரே பிரதி வீட்டில்தான் உள்ளது.

சர்வர் என்ன செய்கிறது?

இசை சர்வர் என்பது பாடல் கோப்புகளைச் சேமித்து, பட்டியலிட்டு, கேட்கும் கருவிக்கு வீட்டு நெட்வொர்க் வழியே அனுப்பும் கணினி. ஒலியாக மாற்றும் வேலையைப் பெரும்பாலும் மறுமுனையில் உள்ள கருவியே செய்கிறது. அங்குள்ள ‘டாக்’ எனப்படும் எண்ணிம–ஒலி மாற்றி, ஆம்ப்ளிஃபயர், ஒலிபெருக்கி ஆகியவையே இசையின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே விலை உயர்ந்த சர்வரை வாங்குவதால் மட்டும் பாடல் இனிமையாகக் கேட்டுவிடாது.

எவ்வளவு வேகம் தேவை?

இசைத்தட்டின் தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஒலிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் தரவு போதுமானது. மிக உயர்ந்த 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்புக்கும் விநாடிக்கு 9.2 மெகாபிட் அளவே தேவைப்படும். விநாடிக்கு 100 மெகாபிட் திறன் கொண்ட பழைய நெட்வொர்க் கேபிளே இதற்கு மிகுதி. பிராசசரின் நிலையும் இதுவே. கோப்பை உள்ளபடியே அனுப்பும் வேலைக்கு 2 ஜி.பி. ரேம் கொண்ட எளிய கணினி போதுமானது.

விதிவிலக்குகளும் உண்டு. வெளியூரில் இருக்கும் குடும்பத்தினருக்காகக் கோப்பைச் சுருக்கி அனுப்புவது, அதே கணினியில் திரைப்படங்களையும் ஓடவிடுவது, ஒலியை டி.எஸ்.டி. போன்ற வடிவங்களுக்கு உடனுக்குடன் மாற்றுவது ஆகியவற்றுக்குக் கூடுதல் திறன் தேவைப்படலாம்.

எவ்வளவு இடம் தேவை?

இசைத்தட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 635 எம்.பி. இடம் பிடிக்கும். தரம் குறையாமல் சுருக்கும் ‘ஃபிளாக்’ வடிவில் இது பொதுவாகப் பாதி முதல் 60 சதவீதம் வரை, அதாவது சுமார் 350 எம்.பி.யாகக் குறைகிறது. எனவே 90 நிமிட கேசட்டுகள் 100 இருந்தாலும் அவற்றின் 150 மணி நேர ஒலி 55 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். 1 டி.பி. கொள்ளளவில் ஏறத்தாழ 2,800 மணி நேர இசையைச் சேமிக்கலாம். ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு மிகப் பெரிய டிஸ்க் அவசியமில்லை. சிறிய டிஸ்க்குகள் இரண்டு வாங்குவதே பயனுள்ளது.

நான்கு வழிகள்

முதலாவது, வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய லேப்டாப். இதற்குச் செலவில்லை. பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மின்வெட்டையும் தாங்கும். ஆனால் ஆண்டு முழுவதும் மின்னிணைப்பில் இருக்கும் பழைய பேட்டரி உப்பிவிடும் அபாயம் உள்ளதால், அவ்வப்போது கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி. 2019-இல் வெளியான நான்காம் தலைமுறைப் பலகையில் யு.எஸ்.பி. 3 இணைப்பும் கிகாபிட் நெட்வொர்க்கும் உள்ளன. சில வாட் மின்சாரமே செலவாகிறது. எனினும் அதன் யு.எஸ்.பி. துளைகள் அனைத்தும் சேர்ந்து 1.2 ஆம்பியர் வரையே மின்சாரம் தரும். ஐந்தாம் தலைமுறைப் பலகை, அதற்குரிய 5 ஆம்பியர் அடாப்டருடன் 1.6 ஆம்பியர் வரை தரும்; 3 ஆம்பியர் அடாப்டர் எனில் 0.6 ஆம்பியர் மட்டுமே. டிஸ்க் அடிக்கடி துண்டிக்கப்படுவதற்கு இந்தப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம். தனி மின்னிணைப்புள்ள டிஸ்க் அல்லது யு.எஸ்.பி. ஹப் இதற்குத் தீர்வாகும்.

மூன்றாவது, மினி பி.சி. இன்டெல் என்100 போன்ற குறைந்த மின்செலவுச் சிப் கொண்டவையும், அலுவலகங்களிலிருந்து விற்பனைக்கு வரும் சிறிய கணினிகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. உள்ளேயே எஸ்.எஸ்.டி. பொருத்தலாம் என்பதால் கேபிள் தொல்லை குறைவு.

நான்காவது, ‘நாஸ்’ எனப்படும் ஆயத்தச் சேமிப்புப் பெட்டி. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட டிஸ்க்குகளை ஏற்கும் இப்பெட்டியை நிறுவுவது எளிது, விலை அதிகம். டிஸ்க் சுழலும் ஓசை கேட்கும் என்பதால் இசை கேட்கும் அறையில் வைக்காமல் இருப்பது நல்லது.

மின்கட்டணமும் மின்வெட்டும்

சர்வர் ஆண்டின் 8,760 மணி நேரமும் இயங்கும் கருவி. 60 வாட் செலவிடும் பழைய டெஸ்க்டாப் கணினிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 526 யூனிட் மின்சாரம் தேவை. 5 வாட் கருவிக்கு 44 யூனிட் போதும். இலவசமாகக் கிடைத்த டெஸ்க்டாப், சில ஆண்டுகளில் புதிய சிறு கணினியின் விலையை மின்கட்டணமாகவே வாங்கிவிடக் கூடும்.

ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய கோடை மழை மைசூருவில் வழக்கமானது. கோப்பு எழுதப்படும் வேளையில் மின்சாரம் நின்றால் தரவு சிதையலாம். குறிப்பாக ராஸ்பெர்ரி பை பயன்படுத்தும் மெமரி கார்டுகள் இதனால் பழுதடைவது உண்டு. இயக்க மென்பொருளை எஸ்.எஸ்.டி.யில் நிறுவுவது பாதுகாப்பானது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதை யு.பி.எஸ். நிலையில் வைப்பது நல்லது. அந்நிலையில் மின்மாற்றத்துக்கு ஆகும் நேரம் குறைவு. சர்வரோடு வைஃபை ரூட்டருக்கும் அதே இணைப்பு வேண்டும். இல்லையெனில் சர்வர் இயங்கியும் பாடல் வராது.

ரெய்டு காப்புப் பிரதி ஆகாது

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் பகுதி இது. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் ‘ரெய்டு’ முறை, ஒரு டிஸ்க் பழுதடைந்தால் மட்டுமே காக்கும். தவறுதலாக ஒரு தொகுப்பை அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடும். மின்னல் தாக்கினாலும் திருட்டுப் போனாலும் இரண்டும் சேர்ந்தே போகும். எனவே மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற விதி பரிந்துரைக்கப்படுகிறது. வாரம் ஒருமுறை பிரதி எடுத்துவிட்டு இணைப்பிலிருந்து கழற்றி வைக்கப்படும் டிஸ்க்கும், உறவினர் வீட்டில் வைக்கப்படும் மற்றொன்றும் இவ்விதியை எளிதாக நிறைவேற்றும்.

மென்பொருள்

நேவிட்ரோம், ஜெல்லிஃபின், லைரியன் ஆகிய இலவச மென்பொருள்கள் மேற்கண்ட கருவிகளில் இயங்குகின்றன. இவற்றுள் லைரியனின் வரலாறு கவனிக்கத்தக்கது. ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் தொடங்கிய இதனை 2006-இல் லாஜிடெக் வாங்கியது; 2012-இல் இதற்கான ஸ்குவீஸ்பாக்ஸ் கருவிகளின் வரிசை கைவிடப்பட்டது. ஆயினும் மூல நிரல் திறந்த நிலையில் இருந்ததால் பயனர்களே அதனை வளர்த்து, 2024-இல் புதிய பெயரில் தொடர்கின்றனர். நிறுவனம் விலகினாலும் வீட்டிலுள்ள கோப்பும் மென்பொருளும் தொடர்ந்து பயன்படும் என்பதற்கு இது சான்று.

கர்நாடக இசைத் தொகுப்பு வைத்திருப்போர் ராகம், தாளம், இயற்றியவர், பாடியவர் ஆகிய விவரங்களைக் கோப்புக்குள்ளேயே பதிவது அவசியம். இல்லையெனில் ஒரே கீர்த்தனையின் பத்துப் பதிவுகளுள் டி. சௌடய்யாவின் ஏழு தந்தி வயலின் எது என்று தேடவே நேரம் போகும். ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனிக் கோப்புகளாக இருந்தால், இடைவெளியின்றி இசைக்கும் வசதி பிளேயரில் உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எதில் தொடங்குவது?

செலவு செய்ய வேண்டிய வரிசை இதுதான்: முதலில் காப்புப் பிரதிக்கான இரண்டாவது டிஸ்க், அடுத்து தடையற்ற மின்சாரம், பின்னர் நல்ல அடாப்டரும் நெட்வொர்க் கேபிளும், இறுதியாகவே கணினி. பிராசசரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அழிந்த பதிவை மீட்பது கடினம்.

பதிவேற்றும் பணியையும் கடைகளில் கிடைக்கும் இசைத்தட்டுகளில் தொடங்க வேண்டியதில்லை. வேறெங்கும் கிடைக்காத ஒலிநாடாக்களுக்கே முதலிடம் தர வேண்டும். பூஞ்சை படிந்த நாடா ஒவ்வொரு முறை ஓடும்போதும் மேலும் தேய்கிறது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை காப்பு டிஸ்க்கை இணைத்து, அதிலிருந்து ஏதேனும் ஒரு பாடலை முழுமையாக ஒலிக்கவிட்டுப் பார்ப்பதும் அவசியம். பிரதி உண்மையில் பயன்படும் நிலையில் உள்ளதா என்பதை அறிய அதுவே எளிய வழி.