பாட்டனைப் புதைத்த இடம்

மேற்குப் பிரான்சின் ஆன்ஜூ நாட்டுப் பிரபு நான்காம் ஃபூல்க், 1096இல் தன் வம்ச வரலாற்றை எழுதினான். லத்தீனில் அதன் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆதிமுன்னோர்களைப் பற்றிச் சரியாக எழுத இயலவில்லை, அவர்களைப் புதைத்த இடம்கூடத் தெரியவில்லை என்று அதில் ஒப்புக்கொள்கிறான். பரம்பரைப் பெருமை பேச உட்கார்ந்தவன் ‘தெரியாது’ என்று எழுதிவைத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அவன் ஏன் எழுத உட்கார்ந்தான்? 1060இல் தாய்மாமன் பிள்ளையில்லாமல் செத்தான்; நாடு சகோதரி எர்மென்கார்டின் மகன்களுக்கு வந்தது. தம்பியான ஃபூல்க் 1068இல் அண்ணனைச் சிறையில் தள்ளிவிட்டு ஆட்சியை எடுத்துக்கொண்டான். 1092இல் பிரெஞ்சு அரசன் முதலாம் பிலிப், ஃபூல்க்கின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஆகவேதான், தன் முன்னோருக்கு ஆன்ஜூவைத் தந்தது வழுக்கைத்தலை சார்லஸின் மரபு, பாவி பிலிப்பின் குலமல்ல என்று ஃபூல்க் எழுதுகிறான். 987இல் அரியணை ஏறிய காப்பே குலத்துக்கு நாங்கள் கடன்பட்டவர்கள் இல்லை என்பது இதன் அர்த்தம். குலமுறை கிளத்துவது இங்கே வழக்காடுவதற்குச் சமம்.

12ஆம் நூற்றாண்டில் அந்த வெற்றிடம் நிரப்பப்படுகிறது. ஆன்ஜூ பிரபுக்களின் செயல்களைத் தொகுத்த லத்தீன் பிரதி ஒன்று, டோர்ட்டுல்ஃப் என்ற காட்டுக்காவலனை மூதாதை ஆக்குகிறது. நாட்டுப்புறத்தான், வேட்டையாடிப் பிழைத்தவன். அவன் மகன் டெர்ட்டுல்லுஸ் அரசனிடம் சேவகம் செய்து உயர்கிறான். மார்மூட்டியே மடத்துத் துறவி ஜான் இப்பிரதியைத் திருத்தி எழுதி, ஆன்ஜூ வம்சத்தவனான இங்கிலாந்து அரசன் இரண்டாம் ஹென்றிக்குச் சமர்ப்பிக்கிறார். புதைத்த இடமே தெரியாதவர்களுக்குப் பேரும் தொழிலும் கிடைத்தாயிற்று.

முதலில் இதைப் படித்தபோது நான் குஷியாகிவிட்டேன். ‘பாத்தியா, இவன் பாட்டனும் காட்டுல அலைஞ்சவன்தான்!’ 1939–40இல் வெளிவந்த தன் நூலில் மார்க் ப்ளோக், நிலப்பிரபுத்துவப் பிரபுக்கள் பெரும்பாலும் வேர் தெரியாத புதியவர்கள் என்றதும் எனக்குத் தோதாக இருந்தது. பிறகு வந்த கார்ல் ஃபெர்டினாண்ட் வெர்னர் போன்றோர், லுவார் நதிப் பகுதிப் பிரபுக்களில் பலரைக் கரோலிங்கியக் காலத்து மேட்டுக்குடிகளோடு தொடர்புபடுத்தினார்கள். ஜார்ஜ் துபி கேள்வியையே மாற்றிப்போட்டார். முன்பு தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் பரந்து கிடந்த உறவுமுறை, கோட்டையும் நிலமும் அப்பனிடமிருந்து மகனுக்கு என்று ஆனபோது ஒற்றை ஆண்வழிக் கோடாகச் சுருங்கியது. சொத்து வந்துசேர்ந்த இடத்தோடு ஞாபகமும் நின்றுவிடுகிறது. ஆக, பாட்டன் பேர் தெரியவில்லை என்பதால் பாட்டன் ஏழை என்று முடிவுகட்ட முடியாது.

நான் குஷிப்பட்ட காட்டுக்காவலன் கதையும் அதிகாரத்தின் புனைவுதான். சும்மா வரவில்லை, சேவகத்தால் சம்பாதித்தோம் என்று நில உரிமைக்கு நியாயம் கற்பிக்கும் புனைவு.

1727இல், செத்த பிறகு அச்சான நூலில் பூலன்வில்லியே, பிரபுக்கள் வென்ற ஃபிராங்குகளின் வாரிசுகள், குடிமக்கள் தோற்ற காலியர்களின் வாரிசுகள் என்று வாதாடினார். 1789இல் ஸீயேஸ் அதற்குப் பதில் சொன்னபோது குடிமக்களுக்கென்று உசத்தியான பாட்டனைத் தேடவில்லை. வென்றவர் வாரிசு என்று பேசுபவர்களை அவர்கள் வந்த ஃபிராங்கோனியக் காட்டுக்கே அனுப்பிவிடலாமே என்று கேட்டார். ஆனால் 1792இல் அரசனை விசாரித்தவர்கள் ‘லூயி காப்பே’ என்று மூதாதையின் பட்டப்பெயரால்தான் கூப்பிட்டார்கள். வம்சாவளியின் பிடி அப்படி.

ஆன்ஜூ நிலத்தை உழுதவர்களைப் புதைத்த இடமும் தெரியாது. அதைத் ‘தெரியாது’ என்று எழுதிவைக்கக்கூட எந்தப் பிரபுவுக்கும் தேவை ஏற்படவில்லை. டோர்ட்டுல்ஃபை நம்ம ஆளாக்கிக்கொண்டால் இந்த வெற்றிடத்தையும் நாமே மூடிவிடுவோம்.