வோல்ஃப் (ஜெர்மன் துணைப் போர்க்கப்பல்)

முதல் உலகப் போரின்போது ஜெர்மன் கடற்படை சரக்குக் கப்பல் ஒன்றை மாற்றியமைத்துத் தென்கடல்களுக்கு அனுப்பிய துணைப் போர்க்கப்பல் வோல்ஃப். 1916 நவம்பர் 30 அன்று கீல் துறைமுகத்திலிருந்து கிளம்பி, வழியில் ஒரு துறைமுகத்திலும் நுழையாமல், 451 நாள் கழித்து 1918 பிப்ரவரி 24 அன்று அங்கேயே திரும்பியது. ஏறத்தாழ 64,000 கடல் மைல் ஓடியிருந்தது.

ஃபிளென்ஸ்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் 1913இல் உருவான இதற்கு முதலில் இட்ட பெயர் வாக்ட்ஃபெல்ஸ். பிரேமன் நகரத்து ஹன்சா நிறுவனத்தின் கப்பல், 5,809 டன். முதலில் வோல்ஃப் என்ற பெயரைப் பெற்றிருந்த வேறொரு கப்பல் எல்பே ஆற்றில் தரைதட்டிவிடவே, பெயரும் பொறுப்பும் 1916 மே மாதம் இதற்கு வந்தன. கடற்படை இதில் 15 செ.மீ. பீரங்கிகளையும் நான்கு டார்பிடோ குழாய்களையும் பொருத்தி, மடித்து இறக்கக்கூடிய போலிப் பக்கச்சுவர்களால் மறைத்தது. சரக்கறையில் 450க்கு மேற்பட்ட கடற்கண்ணிகள்; வேவு பார்க்கச் சிறு கடல் விமானம் ஒன்று. வேகம் மணிக்கு 11 கடல் மைல்தான். துரத்தவும் ஆகாது, தப்பி ஓடவும் ஆகாது. ஆனால் நிலக்கரியைச் சிக்கனமாகத் தின்னும் கப்பல். தளபதி கார்ல் நெர்கருக்கு அதுதான் தேவைப்பட்டது.

1917 ஜனவரியில் தென்னாப்பிரிக்கக் கடற்கரையிலும், பிப்ரவரியில் கொழும்புக்கும் பம்பாய்க்கும் வெளியேயும் இரவோடு இரவாகக் கண்ணி விதைத்தது. கொழும்புக்கு அருகே பிப்ரவரி 17இல் வொர்செஸ்டர்ஷைர், 21இல் பெர்சியஸ் என இரண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் மூழ்கின. 1914இல் சென்னையைச் சுட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனை ஊரே பார்த்தது. வோல்ஃபை யாரும் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் காபோ தீவருகே ஜூலையில் கம்பர்லாண்ட் என்ற கப்பல் கண்ணியில் மோதி வெடித்தபோதுகூட, கப்பலுக்குள் யாரோ குண்டு வைத்த நாசவேலை என்றே முதலில் எண்ணினார்கள். வானொலியைப் பேசவிடாமல் கேட்க மட்டுமே பயன்படுத்திய நெர்கரின் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த பலன் இது.

எரிபொருளும் சாப்பாடும் பிடிபட்ட கப்பல்களிலிருந்தே வந்தாக வேண்டும். கெர்மடெக் தீவுக்கூட்டத்தின் சண்டே தீவருகே ஜூன் 2 அன்று, வோல்ஃப் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தபோது வைருனா என்ற நியூசிலாந்துக் கப்பல் கண்ணில் பட்டது. கொதிகலனை மூட்டித் துரத்த நேரமில்லை. விமானம் பறந்து போய், வானொலியைத் தொடாமல் தீவுப் பக்கம் வரும்படி எழுதிய கடிதத்தை மேல்தளத்தில் போட்டது. பிறகு கப்பலுக்கு முன்னால் தண்ணீரில் ஒரு குண்டு. வைருனா பணிந்து தீவுப் பக்கம் திரும்பியது.

கொழும்பிலிருந்து கிளம்பிய ஜப்பானியப் பயணிக் கப்பல் ஹிட்டாச்சி மாரு செப்டம்பர் 26இல் மாலத்தீவருகே சிக்கியது. எதிர்த்துச் சுட முயன்றதால் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. பெண்களும் குழந்தைகளும்கூடக் கைதிகளாயினர். நவம்பரில், கொழும்புக்கு நிலக்கரி ஏற்றிவந்த இகோட்ஸ் மெண்டி என்ற ஸ்பானியக் கப்பல் பிடிபட்டது. நடுநிலை நாட்டுக் கப்பல்தான். ஆனால் அந்தக் கரி இல்லாமல் வோல்ஃப் ஊர் திரும்பியிருக்க முடியாது. திரும்பும் வழியில் அட்லாண்டிக்கின் பேரலைகளில் இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் பக்கம் கட்டிக் கரியை மாற்றியபோது, ஒன்றோடொன்று மோதியதில் வோல்ஃபின் தகடுகள் விலகி நீர் கசிந்தது. கீழ்த்தளத்தில் அடைபட்டிருந்த நூற்றுக்கணக்கான கைதிகளிடையே ஸ்கர்வியும் பெரிபெரியும் பரவின. ஜெர்மனி கொண்டாடிய சாதனையில் இவர்கள் பட்ட பாட்டுக்கு அதிக இடம் கிடைக்கவில்லை.

வோல்ஃப் கீல் சேர்ந்த அதே நாளில் இகோட்ஸ் மெண்டி டென்மார்க்கின் ஸ்காகன் அருகே தரைதட்டியது. அதிலிருந்த கைதிகள் விடுதலையானார்கள். நெர்கருக்குப் பிரஷ்யாவின் உயரிய விருதான பூர் ல மெரித் வழங்கப்பட்டது. கண்ணிகளோ வேலையை நிறுத்தவில்லை. நியூசிலாந்தின் வடமுனையில் போட்டிருந்த ஒன்றில் 1918 ஜூன் 26 அன்று விமேரா என்ற பயணிக் கப்பல் மோதி, 26 பேர் இறந்தனர்.

போருக்குப் பின் வோல்ஃப் பிரான்சுக்குக் கொடுக்கப்பட்டது. அன்டினூஸ் என்ற பெயரில் மறுபடி சரக்கு ஏற்றி, 1931இல் இத்தாலியில் உடைக்கப்பட்டது.