கோட்டை வாத்தியமும் தீட்சிதர் சாகித்தியமும்

இங்கிலாந்தின் கிராமங்களில் ஆணும் பெண்ணும் எதிரெதிர் வரிசையாக நின்று ஆடிய ‘கண்ட்ரி டான்ஸ்’, பிரான்சுக்குப் போய் ‘கோந்த்ரதான்ஸ்’ என்று நாமம் மாறி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னா அரண்மனையின் நடன மண்டபத்துக்குள்ளும் பிரவேசித்துவிட்டது. 1787-இன் இறுதியில் இரண்டாம் யோசேப்புச் சக்கரவர்த்தி மொஸார்ட்டை ஆண்டுக்கு 800 கில்டர் சம்பளத்தில் ஆஸ்தான சங்கீத கர்த்தாவாக நியமித்தபோது, அம்மேதைக்கு வாய்த்த பிரதான உத்தியோகம் முகமூடி நடனங்களுக்கு இத்தகைய சிறு உருப்படிகளை எழுதித் தருவதே. எட்டெட்டு அளவாக வகுத்த பகுதிகள், ஒவ்வொன்றும் இருமுறை, துரிதமான நடை, பெரும்பாலும் இரண்டு வயலின் வரிசை, கீழே ஒரு மந்தர வரிசை, மேலே சில காற்று வாத்தியங்கள். ஆடுகிறவர் கால் தவறாதிருக்க வேண்டுமாதலால் மெட்டு ஒளிவுமறைவின்றி நேரே செல்லும். அந்தக் குறுகிய எல்லைக்குள்ளும், 1788-இல் எழுதிய ‘யுத்தம்’ என்ற உருப்படியில், பிக்கோலோவும் எக்காளமும் முரசும் சேர்த்துப் போர்க்களத்தையே மண்டபத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

இதே ஜாதி மெட்டுக்கள் கிழக்கிந்தியக் கும்பினியாரின் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தன. மணலியில் ராமஸ்வாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்த சின்னையா முதலியார் கும்பினியின் துபாஷியாதலால், அவர் தயவில் தீட்சிதரின் குமாரர்கள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரரின் வாத்தியக் கோஷ்டியைக் கேட்டார்கள் என்பது பரம்பரையாக வரும் செய்தி. இளையவரான பாலுஸ்வாமி வயலினைக் கற்றுத் தமிழ்நாட்டுச் சங்கீதத்துக்கு அதை உரிமையாக்கினார். மூத்தவரான முத்துஸ்வாமியோ அந்த மெட்டுக்களுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். சுமார் நாற்பது உருப்படிகள், ‘நோட்டுஸ்வரம்’ என்ற பெயரில் இன்றும் வழங்குகின்றன. ஆங்கில அரச கீதம் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று தேவி ஸ்தோத்திரமாயிற்று. ‘லார்டு மக்டொனால்டு ரீல்’ என்ற ஸ்காத்லாந்து ஆட்ட மெட்டு ‘ஜகதீச குருகுஹ’ என்று பாடப்பட்டது.

கமகத்தின் கடலில் திளைத்த அம்மகான், இவற்றில் கமகத்தை அறவே விலக்கி, சங்கராபரண ஸ்வரங்களை நேர்நேராக நிறுத்தி, பல்லவி அனுபல்லவி என்ற கட்டும் இல்லாமல் பாடவைத்ததே இங்கு வியக்கத்தக்கது. இவை பாலபாடந்தானே என்று கச்சேரி ரசிகர் அலட்சியம் செய்வது நியாயமன்று. மெட்டின் மேல் அடுக்கிய ஸ்வரக்கூட்டுகளைக் கழித்த பிறகும் அது தனியே நிற்கிறதென்றால், அதன் எலும்பு உறுதியானதாக இருந்திருக்க வேண்டும்.

இலங்கையில் நம் ஊவா மலைத் தோட்டங்களிலும் வெள்ளைக்காரத் துரைமார் ஆடினார்கள். ஆனால் மணலியாருக்குக் கோட்டையில் செல்வாக்கு இருந்தது. இங்கே எல்லவிலும் தெமோதரையிலும் தொழிலாளரின் லயத்துக்கும் துரை பங்களாவுக்கும் நடுவே நின்றவர் கங்காணி, அவர் கவனம் செக்ரோல் என்ற பேர்ப்பதிவோடு முடிந்தது. அதனாலேதான் போலும், விடியலில் பிரட்டு என்ற ஆள்கணக்குக்கு அழைத்தபோதும் மாசியில் காமன் கூத்துக்கு முழங்கியபோதும் தோட்டத்துத் தப்பு, காவிரிக் கரையிலிருந்து கொண்டுவந்த அடிகளையே அடித்தது.