வல்லை வெளியும் துவிச்சக்கர வண்டியும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெரு, வடமராட்சியைச் சேருமுன் வல்லை வெளியைக் கடக்கின்றது. ஒதுங்குவதற்கு மரமில்லை, வீடில்லை. உவர்நிலமும் நீரேரியுமே இருமருங்கும் காணப்படும். மோட்டார் வண்டியிற் செல்பவருக்கு அது சில நிமிடப் பாதை. நாள்தோறும் துவிச்சக்கர வண்டியில் யாழ்ப்பாணம் சென்று மீண்ட வடமராட்சி எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்குமோ அது பஞ்சாங்கம் போன்றது. வைகாசி பிறந்தால் தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும். காலையில் எதிர்க்காற்று, மாலையில் முதுகிற் காற்று. கார்த்திகையில் வாடை எழுந்தால் முறை மாறும். காலையில் தள்ளிவிட்ட காற்றே, வேலை முடிந்து களைத்து வருபவரின் முகத்தில் மாலையில் அறையும். பருத்தித்துறையிலிருந்து பட்டினம் ஏறக்குறைய 20 மைல். போகவும் வரவும் அத்தூரத்தை மிதித்தே உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர்கள் அங்கு உண்டு.

இவ்வண்டி இன்றைய வடிவத்தைப் பெற்று ஒன்றரை நூற்றாண்டு இன்னும் ஆகவில்லை. ஒரே அளவான இரு சில்லுகளும் பின்சில்லைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட வண்டியை 1885இல் இங்கிலாந்தின் கொவன்றி நகரில் யோன் கெம்ப் ஸ்ராளி செய்தார். மூன்றாண்டுகளின் பின், 1888இல், பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் டன்லொப், தம் மைந்தனின் முச்சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த ரயரை அமைத்தார். பின்வந்த திருத்தங்கள் பலவாயினும், இவ்விரண்டுமே சாதாரண மனிதனைத் தெருவில் ஏற்றிவிட்டவை.

குடாநாட்டின் நிலமோ இவ்வண்டிக்கென்றே சமைத்தது போன்றது. சுண்ணாம்புக்கல் மேல் அமைந்த தட்டை நிலம், ஆறில்லை, மலையில்லை. ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பன. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை நிறைவெய்தியபோதும், வீட்டிலிருந்து புகையிரத நிலையம் வரையுள்ள இரண்டு மூன்று மைலுக்கு விடை வேண்டியிருந்தது. காலப்போக்கில் அவ்விடையைத் துவிச்சக்கர வண்டியே தந்தது.

றலி வண்டியொன்றை வாங்குதல் ஒரு குடும்பத்தில் நிலம் வாங்குவதற்கு அடுத்த காரியமாக இருந்த காலம் உண்டு. உள்ளூராட்சிச் சபைக்கு ஆண்டுதோறும் வரி கட்டி அனுமதித் தகடு பெறவேண்டும். இரவில் விளக்கின்றிச் சென்றால் தண்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தித் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது வீட்டுத்தலைவரின் நியமம். முன்பாரிற் பிள்ளை, கரியரில் மனைவி, கைபிடியில் மரக்கறிப் பை என ஒரு குடும்பமே கோயிலுக்குச் செல்லும். இருவர் ஏறுவது சட்டத்துக்கு மாறென்பதைப் பொலிஸ்காரரும் நல்ல நாட்களில் மறந்துவிடுவர். பாரில்லாத வண்டி மேனாட்டுப் பெண்களின் நீள்பாவாடைக்காக அமைந்ததாயினும், அது சேலைக்கும் இயைந்தது. ஆசிரியைகளும் மாணவிகளும் அதில் ஏறியபோது எழுந்த முணுமுணுப்பு வெகுநாள் நிலைக்கவில்லை.

1990ஆம் ஆண்டு ஆனியில் யுத்தம் மீண்டும் மூண்டது. புகையிரதம் நின்றது, மின்சாரம் நின்றது. பெற்றோலும் பெற்றறியும் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்டன. அதுவரை வசதி குறைந்தோரின் வாகனமெனக் கருதப்பட்டது, அன்று முதல் எல்லாருக்கும் உரியதாயிற்று. வைத்தியரும் பேராசிரியரும் கூலியாளரும் ஒரே வரிசையில் மிதித்தனர். நோயாளி கரியரில் அமர்ந்து வைத்தியசாலை சென்றார். பாடசாலைகள் நடந்தன, பரீட்சைகளும் நடந்தன. ஆசிரியர் வந்து சேர்ந்தமையாலேயே அவை நடந்தன என்பதைக் கூறாமல் விடுவது நியாயமன்று. ரயர் தேய்ந்து துணி தெரிந்தால், உள்ளே பழைய ரயர்த்துண்டை வைத்து மீண்டும் ஓடினர்.

வானொலி நேயர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பெற்றறி இல்லாத வீட்டில் வானொலியை இயக்கியதும் இந்த வண்டியே. விளக்குக்காகப் பின்சில்லில் உரசி ஓடும் டைனமோவிலிருந்து இரு கம்பிகளை வானொலிப் பெட்டிக்கு இழுத்தனர். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவது நேரோட்டம். அதனால் கைத்திறன் உள்ளோர் இடையில் இருவாயி என்னும் சிறு உறுப்பைப் பொருத்தினர். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஒருவர் பெடலைச் சுழற்றுவார். அயலவர் சுற்றி அமர்ந்து செய்தி கேட்பர். சுழற்றுபவர் களைத்தாற் குரல் மங்கும். முக்கியமான சொல் வரும் வேளையிற் கை ஓய்ந்துவிட்டால் அவர் பெறும் ஏச்சு கொஞ்சமன்று. பெரும்பாலும் அவ்வேலை வீட்டின் இளைய பிள்ளைக்கே வாய்த்தது.

ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபின், கிளாலிக் கடனீரேரியைத் தோணியிற் கடந்தவர்கள் தம் துவிச்சக்கர வண்டியையும் உடன் ஏற்றிச் சென்றனர். அக்கரையில் அதுவின்றி அடுத்த ஊரை அடைவது அரிது. 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆந் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் எவரும் வண்டியை மிதிக்கவில்லை, மிதிக்க இடமில்லை. மூட்டையையும் முதியோரையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு நடந்தனர்.

2002இல் கண்டிவீதி திறந்தபின் மோட்டார் சைக்கிள்கள் பெருகின. 2014இல் புகையிரதமும் யாழ்ப்பாணம் மீண்டது. பழைய வண்டிகள் கோடிப்புறத்திற் சாத்தப்பட்டன. சிலவற்றில் கோழிகள் உறங்கின. 2022இல் நாடெங்கும் பெற்றோல் அரிதாகி வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது, கொழும்பிலும் உத்தியோகத்தர் துவிச்சக்கர வண்டி தேடினர். அதன் விலையோ எட்டாத உயரம் ஏறிற்று. குடாநாட்டில் பலர் கோடிப்புறத்துக்குப் போய்த் தூசி தட்டினர்; ரியூபுக்கு ஒட்டுப்போட்டனர்; சங்கிலிக்கு எண்ணெய் விட்டனர். அப்போது ஆனி மாதம். வல்லை வெளியிற் சோழகம் வீசிக்கொண்டிருந்தது; பட்டினம் செல்வோருக்குக் காலையில் எதிர்க்காற்று.