தொரப்பள்ளி முதல் கோட்டை வரை – 9: கள்ளுக்கடை மூடிய நாள்

1954-ல் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய கதையை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் 1937-க்குப் போயாக வேண்டும். அந்த மனிதரின் பலமும் பிடிவாதமும் ஒன்றாக வெளிப்பட்டது அந்த ஆண்டில்தான்.

ஜூலையில் சென்னை மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்துவிட்டது. மூன்றே மாதம்! தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அப்போது சேலம் ஜில்லாதான். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல். ஆக, ஓசூர் அருகே தொரப்பள்ளியில் கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்தவர், தன் சொந்தச் சீமையில்தான் முதலில் கை வைத்தார்.

இது திடீர் ஆவேசமல்ல. 1925-ல் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் கண்டவர். மதுவின் கேட்டைச் சொல்வதற்கென்றே 'விமோசனம்' பத்திரிகை நடத்தினார். கல்கி உடனிருந்து உழைத்தார். கூலி வாங்கிய கை நேரே கள்ளுக்கடைக்குப் போவதையும், வீட்டில் உலை காத்துக் கிடப்பதையும் அறிந்தவர் ராஜாஜி. அரசாங்கம் குடும்பத்துக்குள் நுழையலாமா என்று கேட்டவர்களை அவர் பொருட்படுத்தவில்லை. சரியாகத்தான் செய்தார் என்பேன்.

கலால் வருமானம் போனால் கஜானா என்னாகும்? 1939-ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். வியாபாரிகள் கொதித்தார்கள்; அவர் அசையவில்லை. அதே ஆண்டு யுத்தத்தை ஒட்டிக் காங்கிரஸ் மந்திரிசபைகள் விலகின. பின்னால் வந்த ஆலோசகர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. விற்பனை வரி மட்டும் நிலைத்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 1948-ல் ஓமந்தூரார் ஆட்சி மாகாணம் முழுக்க மதுவிலக்கை விரித்தது. 1971-ல் அது தளர்த்தப்படப் போகிறது என்றதும், 92 வயது ராஜாஜி கொட்டும் மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று மன்றாடினார். அந்த ஒரு மழைப் பயணத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

ஆனால் வீட்டைக் காக்கத் துடித்த அதே மனம்தான் 1953-ல் கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி அரை நாள் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. மரமேறியின் கையிலிருந்து கள்ளுக் கலயத்தை வாங்கியவர், அவன் மகனை அந்த மரத்தடிக்கே திருப்பி அனுப்பப் பார்த்தார். பெரியார் எதிர்த்தார், திராவிட முன்னேற்றக் கழகம் எதிர்த்தது, சொந்தக் கட்சியிலேயே முணுமுணுப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம். 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

அந்த ஏப்ரல் மாதத்தை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம். தருமபுரி, அரூர், பாலக்கோடு பக்கத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: 1937-ல் கள்ளுக்கடை மூடியதைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதேனும் நினைவிருந்தால், மறக்கும் முன் எழுதி அனுப்புங்கள்.