சுடுவதற்கு முன் ஒரு கணக்கு

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் போகும் கடற்கரைச் சாலையில், தமிழ்நாடு முடிந்து புதுச்சேரிக்குச் சொந்தமான காரைக்கால் பகுதி தொடங்கும் எல்லையில் இருக்கிறது பூவம். காவிரி டெல்டாவின் கடைமடைப் பகுதி. இங்கே பாறை கிடையாது, வண்டலும் களியும் மணலும்தான். அதனால் இந்தப் பக்கத்தில் கட்டடம் என்றாலே செங்கல்தான். எந்த மண், எவ்வளவு விறகு, எத்தனை நாள் எரிய வேண்டும் என்பதெல்லாம் சூளை போடுபவரின் கைப்பழக்கம். எந்தப் புத்தகத்தையும் பார்த்து அவர் சூளை போடுவதில்லை.

செல்போன் பேட்டரிக்குள் இருக்கும் பொருளும் கிட்டத்தட்ட இதே முறையில்தான் முதலில் பிறந்தது என்றால் நம்ப முடிகிறதா? நம்பித்தான் ஆக வேண்டும். இதற்குத் திடநிலைத் தொகுப்பு என்று பெயர். இரண்டு மூன்று பொடிகளை எடை போட்டு, கல்வத்தில் அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் பல மணி நேரம் சுட வேண்டும். எடுத்து, மறுபடி அரைத்து, மறுபடி சுட வேண்டும். அவ்வளவுதான்!

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. திரவத்தில் மூலக்கூறுகள் ஓடியாடிக் கலந்துவிடும். திடப்பொருளில் அப்படி நடக்காது. இரண்டு துகள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் வினை தொடங்கும். அணுக்கள் மெதுவாக நகர்ந்தாக வேண்டும். உலைக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. அதனால்தான் எதை எதோடு சேர்ப்பது, எத்தனை டிகிரியில் சுடுவது என்பது வெகுகாலம் அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பியே இருந்தது.

1980இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட் ஆக்சைடை பேட்டரிக்கு ஏற்ற பொருளாக அறிவித்தார்கள். லித்தியம் கார்பனேட், கோபால்ட் கார்பனேட் இரண்டையும் கலந்து சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டுச் செய்தது அது. 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி பேட்டரியில் இதே பொருள்தான் இருந்தது.

இந்த வரலாற்றில் ஒரு தமிழருக்கு முக்கிய இடம் உண்டு. அவர் ஆறுமுகம் மந்திரம். அமராபுரம் என்ற சிற்றூரில் 1951இல் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்துவிட்டு 1985இல் குடினஃபிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டு இருவரும் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறினார்கள்.

அங்கே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. இரும்பு மலிவு, கோபால்ட் விலை அதிகம். ஆனால் இரும்பு ஆக்சைடு கொடுக்கும் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்கும் குறைவு. அதை உயர்த்த வழி உண்டா? இரும்பைச் சுற்றி வெறும் ஆக்சிஜனுக்குப் பதிலாக மாலிப்டேட் தொகுதி இருந்தால் 3.0 வோல்ட் கிடைத்தது. சல்ஃபேட் தொகுதி இருந்தால் 3.6 வோல்ட்! கந்தகம் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு தளர்கிறது, அதனால் மின்னழுத்தம் ஏறுகிறது. 1987லும் 1989லும் வந்த அந்தக் கட்டுரைகள் காட்டிய வழியில்தான் 1997இல் பாதி, நஞ்சுண்டசாமி, குடினஃப் ஆகியோரின் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வந்தது. இன்று மின்சார வாகனங்களில் பெருமளவு ஓடுவது அதுதான். 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எந்தப் பொருளைச் செய்வது என்பதை வேதியியல் அறிவால் முன்கூட்டியே யோசித்துவிட்டார்கள். அந்த யோசனையைப் பிறகு கணினி எடுத்துக்கொண்டது. 1960களில் வால்டர் கோன் முதலானோர் உருவாக்கிய அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டைக் கொண்டு, ஒரு படிகத்தின் ஆற்றலைக் கணக்கிட முடிந்தது. கோனுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. 2011இல் தொடங்கிய மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் என்ற தளம் இப்படிக் கணக்கிட்ட பொருட்களின் விவரங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

ஆனால் செய்முறை? டெல்டாக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் பாயும். பள்ளம் எது என்று கணினி சொல்லிவிட்டது. எந்த வாய்க்கால் வழியாகப் போக வேண்டும், நடுவில் எந்தக் குட்டையில் தேங்கிவிடும் என்று சொல்லவில்லை. உலையிலும் இப்படித்தான். பொடிகள் சேர்ந்து நாம் விரும்பிய பொருளாகாமல், நடுவில் வேறொரு நிலையான பொருளாகி அப்படியே நின்றுவிடும்.

இதற்கு நல்ல உதாரணம் 1987இல் உலகையே பரபரப்பாக்கிய மீக்கடத்தி. யிட்ரியம், பேரியம், தாமிரம் மூன்றும் கலந்த ஆக்சைடு அது. திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கும் மேலே, 93 கெல்வினிலேயே மின்தடை இல்லாமல் போகும். அமெரிக்காவிலிருந்து செய்தி வந்த அதே ஆண்டில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவினரும் இந்த வகைப் பொருளைச் செய்து நேச்சர் இதழில் எழுதினார்கள். நம் கடற்கரையிலேயே உள்ள கல்பாக்கம் ஆய்வு மையத்திலும் இந்த வேலை நடந்தது. வழக்கமான செய்முறை யிட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், தாமிர ஆக்சைடு மூன்றையும் அரைத்துச் சுடுவது. 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஏன் கார்பனேட்? அது காற்றில் கெடாமல் நிலையாக இருக்கும் என்பதால் பெரும்பாலோர் அதைத்தான் போட்டார்கள். 2021இல் ஜப்பானின் அகிரா மியூராவும் அமெரிக்காவின் வென்ஹாவ் சன்னும் அவர்களுடைய குழுவினரும் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று பொடிகளும் ஒரே சமயத்தில் வினைபுரிவதில்லை. இரண்டிரண்டாகத்தான் வினை நடக்கிறது. முதலில் எந்த ஜோடி சேர்கிறதோ அதுவே மீதி வழியைத் தீர்மானிக்கிறது. பேரியம் கார்பனேட்டுக்குப் பதில் பேரியம் பெராக்சைடு போட்டால் முதல் ஜோடி மாறுகிறது. நடுவில் குறைந்த வெப்பத்திலேயே ஒரு உருகல் உண்டாகி வேலையை வேகப்படுத்துகிறது. 12 மணி நேரத்துக்கும் மேல் எடுத்த வேலை 30 நிமிடத்தில் முடிந்தது! 34 வருடம் ஆயிரக்கணக்கான மாணவர்கள் விடிய விடிய உலைக்குக் காவல் இருந்ததை நினைத்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு காலம் எழுதப்பட்ட செய்முறைகளை எல்லாம் கணினிக்கே படிக்கக் கொடுத்தால் என்ன? பெர்க்லியில் கெர்பிராண்ட் சீடர் குழுவினர் அதையும் செய்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து கணினியே பிரித்தெடுத்த 19,488 செய்முறைகளை 2019இல் வெளியிட்டார்கள். ஆனால் கட்டுரைகளில் இருப்பது வெற்றி மட்டும்தானே! கெட்டுப்போன வில்லைகள் குப்பைக்குப் போயின, அவற்றின் விவரம் நோட்டிலேயே தங்கிவிட்டது. தோல்வியையே பார்க்காத கணினி எதைக் கற்கும்? பழக்கத்தைத்தான் கற்கும்.

அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் மாற்றி யோசித்தார்கள். பழைய ஆய்வக நோட்டுகளில் கிடந்த தோல்விகளையும் சேர்த்துக் கணினிக்குக் கற்பித்தார்கள். அது பரிந்துரைத்த சோதனைகளில் 89 சதவீதம் பலித்ததாக 2016இல் அறிவித்தார்கள். அந்தச் சோதனைகள் உலையில் சுட்டவை அல்ல, சூடான நீரில் செய்தவை. ஆனாலும் பாடம் ஒன்றுதான்.

2023இல் பெர்க்லியின் ஏ-லேப் செய்தி வந்தது. கணினி திட்டமிட, ரோபோக்கள் அரைத்துச் சுட்டு, 17 நாளில் 58 பொருட்களில் 41ஐச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். லண்டனின் ராபர்ட் பால்கிரேவ், பிரின்ஸ்டனின் லெஸ்லி ஷூப் முதலானோர் 2024இல் மறுப்பு எழுதினார்கள். கணினி அணுக்கள் ஒழுங்காக வரிசையில் நிற்பதாக எடுத்துக்கொண்டது, உலையில் அவை இடம் மாறிக் கலந்து நிற்கின்றன, எனவே வந்தவற்றில் பல ஏற்கெனவே தெரிந்த பொருட்கள்தான், புதியது எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். உலையிலிருந்து வந்தது என்ன என்று சரியாகப் பார்த்துச் சொல்ல இன்னும் பழகிய கண் தேவைப்படுகிறது.

பூவத்துக்குப் பக்கத்தில் திருவேட்டக்குடியில் இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே மட்டுமல்ல, எந்தக் கல்லூரியில் படிக்கும் மாணவருக்கும் மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் இணையத்தில் இலவசம். ரோபோ வாங்க வசதி இல்லாமல் இருக்கலாம். ஆனால் சுடுவதற்கு முன் எந்த ஜோடி முதலில் சேரும் என்று கணக்குப் பார்க்கலாம். சுட்டது கெட்டுப்போனால் எந்தப் பொடி, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று தேதி போட்டு எழுதி வைக்கலாம். சூளைக்காரரின் அறிவு அவரோடு போய்விடும். நோட்டில் எழுதிய தோல்வி அடுத்து வருபவரின் 12 மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.