குவாதலூப்புக்குப் போகும் வழி

குவாதலூப் தீவில் ஓரளவு உள்ளூர்ச் சமையல் செய்யும் எந்த உணவகத்துக்குப் போனாலும் மெனுவில் 'கொலோம்போ' இருக்கும். ஆட்டுக்கறி கொலோம்போ, கோழி கொலோம்போ. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து அரைத்த பொடி போட்டுக் கொதிக்கவைத்த கறி, பக்கத்தில் சோறு. இலங்கைத் தலைநகரைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு. நம்ம குழம்புதான் பிரெஞ்சு நாக்கில் ஏறி இறங்கி கொலோம்போ ஆகியிருக்கிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு எக்செல் ஷீட்டால். அடுத்த வருடம் கல்யாணமாகிப் பத்து வருடம். வழக்கமான மாலத்தீவு, பாலி வேண்டாம், கரீபியன் பக்கம் ஏதாவது ஒரு தீவுக்குப் போகலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்திருந்தோம். விசா, விமானம், மாதம், தங்குமிடம் என்று பத்திகள் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தேன். குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம் மாதிரி, 1946லிருந்து அப்படித்தான். பணம் யூரோ. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் வராது, அதனால் நம்ம ஆட்களுக்குத் தனி விசா வேண்டும். பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரம் பறக்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை போவது உத்தமம். கொலோம்போ கதையைச் சொன்னதும் மனைவி கேட்டாள்: "அவ்ளோ செலவு பண்ணிப் போய் கொழம்பு சாப்பிடணுமாங்க?"

நியாயமான கேள்வி. அந்தக் குழம்பு அங்கே எப்படிப் போனது என்று தேட ஆரம்பித்தேன்.

*

1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். விடுதலையான ஆப்பிரிக்கர்களோ பழைய சம்பளத்துக்குப் பழைய வயலில் இறங்கத் தயாரில்லை. அப்போது கண்ணில் பட்டது பாண்டிச்சேரியும் காரைக்காலும். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் தொகுதி ஆட்களை மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த வருடக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அதே கப்பல் முந்நூற்றுச் சொச்சம் பேரை குவாதலூப்பின் பொயிந்த்-ஆ-பீத்ரு துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டது. அதிலிருந்து 1880களின் கடைசி வரை குவாதலூப்புக்கு மட்டும் 42,000 பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் தமிழர்கள், பின்னாளில் கல்கத்தா வழியாக வட இந்தியர்களும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போகும் பாய்மரக் கப்பல்; ஏறக்குறைய மூன்று மாதம்.

கப்பல் பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பியது என்பதற்காக ஆட்களும் பாண்டிச்சேரிக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சின்ன ஊர்களில் அவ்வளவு பேர் ஏது? சுற்றியிருந்த பிரிட்டிஷ் ஜில்லாக்களிலிருந்துதான் மேஸ்திரிகள் ஆள் பிடித்து வந்தார்கள். முதலில் கமுக்கமாக, 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் அனுமதியோடு. 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது மேஸ்திரிகளுக்குப் பேசிச் சம்மதிக்கவைக்கும் வேலைகூட அதிகம் இருந்திருக்காது. கஞ்சித் தொட்டிக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒருவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் பொன்னேரி தாலுகா. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். இந்தப் பக்கத்துக்கும் கரீபியனுக்கும் ஆட்களுக்கு முன்பே ஒரு துணி உறவு இருக்கிறது. குவாதலூப், மார்த்தினிக் பெண்களின் மரபான உடையில் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயரே 'மெட்ராஸ்'. சிவப்பு, மஞ்சள், பச்சைக் கட்டங்கள். நம்ம ஊர் லுங்கிக்கு அக்கா மாதிரி இருக்கும். சோழமண்டலக் கரையில் நெய்த அந்தக் கைக்குட்டைகள் ஐரோப்பியக் கம்பெனிகள் மூலம் ஆப்பிரிக்காவுக்கும், அங்கிருந்து அடிமைகளோடு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் போயின. ஆங்கில அகராதியில் 'புலிக்காட்' என்ற சொல்லுக்கு வண்ணக் கைக்குட்டை என்று பொருள் போட்டிருக்கிறது. மெக்ஸிகோவில் கழுத்தில் கட்டும் துணியைப் 'பலியகாத்தே' என்கிறார்கள். அதுவும் இந்த ஊர்ப் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். புலிக்காட் வேறெதுவும் இல்லை, பழவேற்காடு. சிப்காட்டிலிருந்து பைக்கில் போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கவும் ஏரியில் படகு ஏறவும் போகிறோமே, அதே பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கரையிலிருந்து அவர்கள் ஏற்றியது துணி மட்டுமல்ல. பதினேழாம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் மனிதர்களையும் அடிமைகளாக பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். ஒப்பந்தக் கூலி என்ற ஏற்பாடு வருவதற்கு இருநூறு வருடம் முன்பு.

*

அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, காரணம் என் தொழில். தொழிற்சாலைகளுக்கான வருகைப்பதிவு மென்பொருள் எழுதுகிறேன். ஷிப்ட், ஓவர்டைம், லீவு, பிடித்தம்: இதுதான் என் தினசரி. குவாதலூப் ஒப்பந்தமும் அதே மொழியில் இருக்கிறது. ஐந்து வருடம். மாதத்துக்கு 26 வேலை நாள். தங்க இடம், சாப்பாடு, துணி, வைத்தியம் முதலாளி பொறுப்பு. முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பலாம். படித்தால் மோசமாகத் தெரியாது. சூது கணக்கில் இருந்தது. ஐந்து வருடம் என்றால் காலண்டர் வருடம் இல்லை, வேலை செய்த நாட்கள். வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பதோடு முடியாது, அந்த நாள் ஒப்பந்தத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். காய்ச்சலில் படுத்தவனின் ஐந்து வருடம் ஆறாகும், ஏழாகும். வருகைப்பதிவேடு யார் கையில் இருக்கிறதோ, அவன் கையில்தான் அடுத்தவனின் விடுதலைத் தேதி. முதலாளிக்கு அதைவிடப் பெரிய சாட்டை தேவைப்படவில்லை.

ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும் பகுதியினர் அங்கேயே செத்தார்கள். சாவும் கொடுமையும் பற்றிய புகார்கள் குவிந்து, 1888இல் பிரிட்டிஷ் அரசே குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

மிஞ்சியவர்கள் கையோடு கொண்டுபோனதை விடவில்லை. மாரியம்மன் அங்கே 'மலியமேன்', மதுரை வீரன் 'மல்தேவிலேன்'. நாகூர் ஆண்டவரும் 'நகூலுமிரா' என்ற பெயரில் அதே கோயிலில் கும்பிடப்படுகிறார். ஆடு வெட்டிப் படையல் உண்டு. தப்பு 'தப்பூ' ஆனது, மத்தளம் 'மத்தலோன்', நாடகம் 'நாத்ரோன்'. பேசும் மொழி போய்விட்டது. பொருள் முழுசாகப் புரியாமலேயே தமிழ்ப் பாட்டு பூசையில் தங்கிவிட்டது. பெயர்களும் தங்கின. 1981இல் குவாதலூப்பிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனவர் பெயர் எர்னெஸ்ட் மூத்துசாமி.

ஆனால் அந்த நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமையே அவருக்கு முந்தைய தலைமுறைகள் சண்டை போட்டு வாங்கியது. அந்தச் சண்டையைப் போட்டவர் ஆன்ரி சிதம்பரம். 1863இல் கப்பெஸ்தேரில் பிறந்தவர், கூலிகளாக வந்தவர்களின் பிள்ளை. 1904இல் இந்திய வம்சாவளியினரின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கிளம்பினார். இவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகளின் பிள்ளைகள், பிரெஞ்சுக்காரர்கள் இல்லை என்றது நிர்வாகம். அங்கேயே பிறந்து, அங்கேயே பிரெஞ்சு படித்து, அங்கேயே கரும்பு வெட்டியவர்கள். பாண்டிச்சேரியைக் கண்ணால் பார்க்காதவர்கள். வழக்கு, மனு, கடிதம் என்று பத்தொன்பது வருடம் இழுத்தது. 1923இல்தான் குடியுரிமை உறுதியானது.

எங்கள் பயணத் திட்டத்தில் இப்போது மாற்றம். கடற்கரை ரிசார்ட் நான்கு நாளிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. கப்பெஸ்தேரில் சாங்கி கோயில், பொயிந்த்-ஆ-பீத்ரு துறைமுகத்தில் முதல் கப்பலின் நினைவாக 2004இல் வைத்த சின்னம், 1,467 மீட்டர் சூஃப்ரியேர் எரிமலை ஆகியவை சேர்ந்திருக்கின்றன. மனைவிக்கும் சம்மதம்தான், எரிமலை மட்டும் வெயிலுக்கு முன்னால் ஏற வேண்டும் என்கிறாள்.

சிதம்பரம் கதையைப் புரிந்துகொள்ள மட்டும் விமானம் ஏற வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியிலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் அரசு அதற்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. 1990இல் வந்தவர்களின் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், இங்கேயே வேலை பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தையோ மன்னாரையோ கண்ணால் பார்க்காதவர்கள். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தமும் இவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண் முதல் முறையாக ஓட்டுப் போட்டது செய்தியாக வந்தது. அவர் 1986இல் மண்டபத்தில் பிறந்தவர். அதை வைத்து நீதிமன்றம் போய் ஜெயித்தார். இரண்டு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் அந்த வாசலும் இல்லை.

சிதம்பரத்துக்கு ஆனது பத்தொன்பது வருடம். முகாமில் முப்பத்தைந்து தாண்டிவிட்டது.